மாமாவும் மூன்று சிறு சொற்களும்

"கீழ்க்கண்டவற்றைச் சொந்த வாக்கியங்களில் அமைத்து எழுதுக." நம் நாட்டில் இங்கிலீஷ் படித்தவர்கள் யாராயிருந்தாலும் இந்தக் கட்டளையிலிருந்து தப்பியிருக்க முடியாது. 'புட் ஆஃப்', 'புட் ஆன்', 'புட் அவுட்', 'புட் அப்', 'புட் அப் வித்' என்று ஐந்து உருப்படிகள் வரிசையாக நிற்கும். பார்வைக்கு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். குணத்திலோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இராது. முதலாவது ஒரு காரியத்தைத் தள்ளிப்போடும். இரண்டாவது சட்டையை மாட்டிக்கொள்ளும். மூன்றாவது விளக்கை அணைக்கும். நான்காவது ஓரிடத்தில் போய்த் தங்கும். ஐந்தாவது எதையும் பொறுத்துக்கொள்ளும்.

நான் எட்டாவது படித்த வருஷம் திருச்சியில் மாமா வீட்டில் இருந்தேன். எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. மாமாவுக்கு ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை. இரண்டே அறைகள் கொண்ட வீடு, அவருக்கே நான்கு குழந்தைகள், ஐந்தாவதாக நான். அந்த வருஷம்தான் மேலே சொன்ன ஐந்து உருப்படிகளும் என் வாழ்க்கையில் குறுக்கிட்டன. நான்காவதையும் ஐந்தாவதையும் குழப்பிக்கொண்டு, "நான் மாமாவுடன் தங்கியிருக்கிறேன்" என்ற நல்ல எண்ணத்தில், 'ஐ ஆம் புட்டிங் அப் வித் மை அங்கிள்' என்று எழுதிவிட்டேன்.

உபாத்தியாயர் அந்த வாக்கியத்தை இரண்டு முறை உரக்கப் படித்தார். "அடே, உன் மாமா உனக்கு அப்படி என்னடா கொடுமை செய்கிறார்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மாமாவைச் சகித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே!" என்று அவர் விளக்கியதும் வகுப்பே சிரித்தது. சிரிப்பைக்கூட நான் தாங்கியிருப்பேன். மாமாவின் மூத்த பையன் அதே பள்ளியில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போக என் கால்கள் மறுத்துவிட்டன.

வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த மூன்று சிறு சொற்களின் மேல் எனக்கு அன்று ஏற்பட்ட பயம் நாளடைவில் ஆராய்ச்சியாக மாறிவிட்டது. 'புட்' என்றால் வை. 'அப்' என்றால் மேலே. 'வித்' என்றால் உடன். 'மேலே உடன் வை' என்பது எப்படிப் பொறுமையாக மாறிற்று? இதைத் தேடிக்கொண்டு போனால் ஒரு பெரிய சரித்திரமே அகப்படுகிறது. அதில் வாள் வருகிறது, கவிராயர் வருகிறார், பாதிரியார் வருகிறார், கடைசியில் ஒரு பிரதம மந்திரியே வந்து சேருகிறார்.

இப்படிச் சிறு சொற்கள் ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடுவது நமக்குப் புதிதல்ல. 'எழுதித் தள்ளினான்' என்கிறோம்; யாரும் யாரையும் தள்ளவில்லை. 'தூங்கிப் போனான்' என்கிறோம். படுத்த இடத்தில்தான் இருக்கிறான். 'பொறு' என்றால் சற்று நில் என்றும் ஆகும். 'பொறுத்துக்கொள்' என்றால் கதையே வேறு. இங்கிலீஷ்காரர்கள் இந்த வேலைக்கு 'அப்', 'அவுட்', 'ஆஃப்' என்ற பொடிச் சொற்களை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷில் இந்தப் பொடிச் சொற்களில் பல, வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்' போன்ற சொற்கள் அந்தப் பழைய ஏற்பாட்டின் மிச்சங்கள். காலப்போக்கில் அவை வினையின் பின்பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. டென்மார்க், நார்வே பக்கங்களிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களின் பேச்சும் இந்த மாறுதலுக்குத் துணை செய்தது என்று மொழி வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். 1066-ல் நார்மானியர்கள் வந்து ராஜ்யத்தைப் பிடித்தார்கள். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, மாதா கோயிலில் லத்தீன் என்று ஆகிவிட்டது. அந்த வழிகளில் கனவான் சொற்கள் கூட்டங்கூட்டமாக இங்கிலீஷுக்குள் வந்தன. ஒத்திவைப்பதற்கு 'போஸ்ட்போன்', அணைப்பதற்கு 'எக்ஸ்டிங்விஷ்', சகிப்பதற்கு 'டாலரேட்' என்று எழுத்தில் எழுதினார்கள். அடுப்படியிலும் வயற்காட்டிலும் இருந்தவர்கள் 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப்' என்றே சொல்லிவந்தார்கள். நாமும் மேடையில் 'சகித்தல்' என்று சொல்லிவிட்டு வீட்டில் 'பொறுத்துக்கோ' என்று சொல்கிறோம் அல்லவா? அதைப் போலத்தான்.

இனி வாளுக்கு வருவோம். 'புட் அப்' என்பதற்குப் பழைய நாளில் ஒரு பொருள், எடுத்து உள்ளே வைத்துவிடுவது. முக்கியமாக, வாளை உறையில் போடுவது. 1611-ல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளிவந்த இங்கிலீஷ் விவிலியத்தில், ஏசுவைப் பிடிக்க வந்தவர்களில் ஒருவன் காதைப் பேதுரு வெட்டிவிடுகிறான். வாளை உறையில் போடும்படி ஏசு அவனுக்குச் சொல்லும் இடத்தில் இந்த 'புட் அப்'தான் இருக்கிறது. 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் முதல் காட்சியில் இரண்டு வீட்டு வேலையாட்களும் வாளை உருவிக்கொண்டு நிற்கும்போது, பென்வோலியோ குறுக்கே பாய்ந்து சொல்வதும் இதே சொல்தான்.

வாளை உறையில் போடுவதென்றால் என்ன? ஒருவன் அவமானம் செய்துவிட்டான். கை வாளுக்குப் போகிறது. பாதி உருவியும் ஆகிவிட்டது. ஏதோ காரணத்தால் அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுகிறோம். அதாவது, பட்ட அவமானத்தை விழுங்கிவிடுகிறோம். வாள் போன பிறகும் சொல் நின்றுவிட்டது. பழி வாங்காமல் பொறுப்பதே 'புட் அப்' ஆயிற்று. 'ஒதெல்லோ'வில் ரோடரிகோ என்ற அசட்டுப் பணக்காரன் இயாகோவை நம்பி நகைகளையெல்லாம் கொடுத்து ஏமாந்து போகிறான். இதுவரை பட்டதை இனிமேல் சும்மா பொறுத்துக்கொண்டிருக்கப் போவதில்லை என்று அவன் குமுறும் இடத்தில் 'புட் அப்' மட்டும் இருக்கிறது; 'வித்' இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் 'வித்' வந்து ஒட்டிக்கொண்டு இன்றைய உருவம் நிலைத்துவிட்டது.

ஆகவே, பள்ளிக்கூடத்தில் நாம் உருப்போட்ட அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு மனிதன் இருக்கிறான். கோபம் வந்தும் வாளை உறையில் போட்டுவிட்டு நிற்கிறான். அவனை எங்களுக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. செய்துவைத்திருந்தால் நான் அந்த வாக்கியத்தைத் தப்பாக எழுதியிருக்கவே மாட்டேன்.

இவ்வளவு அருமையான சொற்கள் பிற்பாடு படித்தவர்களின் கண்ணுக்கு ஆகாமல் போனதுதான் வேடிக்கை. அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் சாமானிய மனிதர் அல்ல. ஜான் டிரைடன் என்ற மகா கவி.

1665-ல் லண்டனில் கொள்ளை நோய் வந்து நாடகக் கொட்டகைகளை மூடிவிட்டார்கள். டிரைடன் கிராமப்புறத்தில் ஒதுங்கியிருந்து, நாடகக் கலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1668-ல் அது வெளிவந்தது. அதன் ஆரம்பமே ஒரு நாவல் போல இருக்கும். 1665 ஜூன் 3-ஆம் தேதி. கடலில் இங்கிலீஷ் கப்பல்களும் டச்சுக் கப்பல்களும் போரிட்டுக்கொண்டிருக்கின்றன. நான்கு நண்பர்கள் தேம்ஸ் நதியில் ஒரு படகில் ஏறி, தூரத்துப் பீரங்கிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். சத்தம் வரவர விலகிப் போகிறது. எதிரி பின்வாங்குகிறான் என்று தெரிந்ததும் மனம் லேசாகிப் பேச்சு இலக்கியத்தின் பக்கம் திரும்புகிறது. நண்பர்கள் படகில் பேசுவதுபோல் சரளமான நடை. அந்த நடையில் வாக்கியங்கள் பல இடங்களில் 'இன்', 'அப்பான்' என்று சிறு சொற்களில் முடிந்தன. பேச்சு அப்படித்தானே முடியும்?

நாலு வருஷம் கழிந்தது. 1672-ல் டிரைடன், முந்திய தலைமுறை நாடகாசிரியர்களின் பாஷையில் குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தார். பென் ஜான்ஸன் இறந்து அப்போது முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அவருடைய 'காட்டிலைன்' நாடகத்தில் ஒரு வரி 'ஃப்ரம்' என்ற சொல்லில் முடிகிறது. வாக்கியத்தின் கடைசியில் பிரிபொஸிஷன் நிற்பது குற்றம் என்று டிரைடன் தீர்ப்புக் கூறினார். அதே மூச்சில், தம்முடைய எழுத்திலும் இந்தக் குற்றத்தைச் சமீபத்தில் கண்டதாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு விடவில்லை. 1684-ல் தம் கட்டுரையை மறுபடி அச்சிட்டபோது, வாக்கியங்களின் வாலில் இருந்த சொற்களைப் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார். படகில் பேசிய நண்பர்கள் திடீரென்று சட்டசபையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்!

ஏன் இப்படிச் செய்தார்? காரணத்தை 1679-ல் அவரே ஒரு முன்னுரையில் சொல்லியிருக்கிறார். தாம் எழுதும் இங்கிலீஷ் சரியா என்று சந்தேகம் வந்தால், சில சமயம் அதை லத்தீனில் மொழிபெயர்த்துப் பார்த்துத்தான் தெளிவடைய வேண்டியிருக்கிறது என்கிறார். லத்தீனில் அந்தச் சொல் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். 'பிரிபொஸிஷன்' என்ற பெயருக்கே 'முன்னால் வைப்பது' என்றுதான் அர்த்தம். முன்னால் நிற்க வேண்டியது பின்னால் நிற்கலாமா என்பது அவர் கவலை. வேற்றுமை உருபை எப்போதும் வாலிலேயே கட்டிப் பழகிய நமக்கு இந்தக் கவலை விநோதமாகப் படுகிறது. ஆனால் தாய்ப்பேச்சு சரியா என்று பார்க்க வேறொரு பாஷையின் தராசைத் தேடுகிற வழக்கம் நமக்கும் அந்நியமில்லை. ஆகையால் டிரைடனைப் பார்த்து ரொம்பவும் சிரிக்கவேண்டாம்.

டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸன் 1755-ல் தம் பெரிய அகராதியை வெளியிட்டார். ஆறு உதவியாளர்களை வைத்துக்கொண்டு, லண்டன் காஃப் சதுக்கத்து வீட்டு மாடியறையில் பாடுபட்டுச் சுமார் 42,000 சொற்களுக்குப் பொருள் எழுதினார். அந்த மனிதருக்கும் தண்ணி காட்டியவை பெரிய பெரிய லத்தீன் சொற்கள் அல்ல. 'டேக்', 'புட்', 'செட்' போன்ற சுண்டைக்காய்ச் சொற்கள்தான். 'டேக்' என்ற ஒன்றுக்கு மட்டும் நூற்றுக்கு மேல் பொருள் எழுத வேண்டியிருந்தது. வினையோடு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் வழக்கம் வேறெந்த பாஷையையும்விட இங்கிலீஷில் அதிகம் என்றும், அந்நியர்களுக்கு இதுதான் பெரிய இடைஞ்சல் என்றும் முன்னுரையில் எழுதினார். அவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அக்கறையோடு சேர்த்தும் வைத்தார். திருச்சி மாணவன் ஒருவன் சார்பில் அவருக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்து வருகிறவர் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார். பின்னால் லண்டன் பிஷப்பாக உயர்ந்தவர். 1762-ல் ஒரு சிறிய இங்கிலீஷ் இலக்கணம் எழுதினார். வாக்கியத்தைப் பிரிபொஸிஷனில் முடிப்பது பேச்சுக்கும் சாதாரண நடைக்கும் பொருந்தும். கம்பீரமான நடைக்கு அதை முன்னால் வைப்பதே அழகு என்று நிதானமாகச் சொன்னார். நம் பாஷைக்கு இதில் நாட்டம் அதிகம் என்று சொல்லும் வாக்கியத்தையே 'டு' என்ற சிறு சொல்லில் முடித்திருந்தார். குறும்போ, மறதியோ, வாசகர்கள் தீர்மானித்துக்கொள்ளலாம். 1795-ல் லிண்ட்லி மர்ரே என்பவர், யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளிக்காக எழுதிய இலக்கணத்தில் லௌத்தின் அந்த வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டவர், வாலில் இருந்த 'டு'வை ஒழுங்காக முன்னால் நகர்த்தி வைத்துவிட்டார்! மர்ரேயின் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. பிஷப்பின் புன்னகை மறைந்து போயிற்று. விதி மட்டும் பிரம்போடு வகுப்பறைக்குள் நுழைந்தது.

இத்தனைக்கும் இந்தச் சொற்சேர்க்கைகளுக்கு வெகுகாலம் ஒரு பொதுப் பெயர்கூட நிலைபெறவில்லை. லோகன் பியர்ஸால் ஸ்மித் 1925-ல் எழுதிய புத்தகத்தில்தான் 'ஃப்ரேஸல் வெர்ப்' என்ற பெயர் பிரசித்தியாயிற்று. ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி யோசனை சொன்ன பெயர் அது என்று ஸ்மித் குறிப்பிடுகிறார். அடுத்த வருஷமே ஃபௌலர் தம் பிரசித்தி பெற்ற மொழிவழக்கு நூலில், வாக்கியக் கடைசியில் பிரிபொஸிஷன் கூடாது என்பது வெறும் மூடநம்பிக்கை என்று போட்டு உடைத்தார். ஆனாலும் பிரம்புகள் ஓயவில்லை.

இப்போது பிரதம மந்திரி வருகிறார். வின்ஸ்டன் சர்ச்சில் எழுதிய ஒரு வாக்கியத்தை எவனோ ஒரு குமாஸ்தா, பிரிபொஸிஷன் கடைசியில் வராதபடி திருத்தினானாம். அவர் சினந்து, ஓரத்தில் குறிப்பு எழுதினாராம்: இப்படிப்பட்ட அபத்தத்தை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்று. ஆனால் 'புட் அப் வித்' என்பதைத் தலைகீழாக்கி, 'அப்'பையும் 'வித்'தையும் முன்னால் தள்ளி, 'புட்'டைக் கடைசியில் தனியாக நிறுத்தி எழுதினாராம். விதியைக் கடைப்பிடித்தால் பாஷை எப்படி நொண்டும் என்று விதியைக் கொண்டே காட்டிவிட்டாராம்.

கதை பிரமாதம். ஆனால் சர்ச்சில் எழுதினார் என்பதற்கு நல்ல சாட்சி இல்லை. 1942-ல் பத்திரிகையில் இந்தத் துணுக்கு வந்தபோது அதில் சர்ச்சில் பெயரே கிடையாது. சில வருஷங்களுக்குள் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. 1948-ல் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் தெளிவாக எழுத வேண்டும் என்பதற்காக ஸர் எர்னஸ்ட் கவர்ஸ் ஒரு சிறு நூல் எழுதினார். அவரும் 'சொல்லப்படுகிறது' என்ற பாதுகாப்போடுதான் இதைச் சொல்கிறார். நல்ல வேடிக்கைப் பேச்சுக்கெல்லாம் நம்மூரில் தெனாலிராமனைத் தகப்பனாக்குவது போல், அங்கே சர்ச்சிலைத் தகப்பனாக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கண்டிப்பான இலக்கண வாத்தியார்கூட 'வித்'தை மட்டுமே முன்னால் நகர்த்தச் சொல்வார். 'அப்'பைத் தொடமாட்டார், ஏனென்றால் அது பிரிபொஸிஷன் வேலையே செய்யவில்லை, வினையின் ஓர் அங்கமாகிவிட்டது. கையை உடம்பிலிருந்து பிரித்து வேறு நாற்காலியில் உட்கார வைக்க முடியுமா? வேடிக்கைக்காகக் கொஞ்சம் மிகைப்படுத்திய அந்த வாக்கியம், டிரைடன் கவனிக்கத் தவறிய உண்மையை எல்லோருக்கும் காட்டிவிட்டது.

மெய்யான சர்ச்சிலுக்கும் இந்தச் சிறு சொற்களுக்கும் வேறொரு சம்பந்தம் உண்டு. 1930-ல் ஸி. கே. ஆக்டன் என்பவர் உலகம் முழுவதும் சுலபமாகக் கற்பதற்காக 850 சொற்களே கொண்ட 'பேஸிக் இங்கிலீஷ்' என்ற ஒன்றை ஏற்பாடு செய்தார். வினைச் சொற்கள் பதினெட்டே! மற்றதையெல்லாம் 'புட்', 'கெட்', 'டேக்' முதலியவற்றோடு 'அப்', 'அவுட்' சேர்த்துச் சமாளித்துவிடலாம் என்பது திட்டம். 1943 செப்டம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசியபோது சர்ச்சில் இதை வெகுவாக ஆதரித்தார். ரூஸ்வெல்ட்டுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சர்ச்சிலின் பெயர்பெற்ற போர்க்காலப் பேச்சில் வரும் ரத்தம், கண்ணீர், வியர்வை எல்லாம் இந்த பாஷையில் 'கண் தண்ணீர்', 'முகத் தண்ணீர்' என்றல்லவா ஆகிவிடும் என்று பரிகசித்து எழுதினார். கண்ணில் வரும் நீரைக் கண்ணீர் என்றே காலங்காலமாகச் சொல்லிவரும் நமக்கு அந்தப் பரிகாசத்தில் பாதிதான் விளங்கும்!

ஆக்டனின் திட்டத்தில் ஓட்டை வேறிடத்தில் இருந்தது. 'புட்', 'அப்', 'வித்' மூன்றும் அவருடைய 850-க்குள் அடக்கம். மூன்றையும் தனித்தனியே அறிந்தவனுக்குப் 'பொறுத்துக்கொள்' என்ற பொருள் கனவிலும் தோன்றாது. சொற்கள் சின்னவையாக இருந்தால் பாஷை சுலபமாகிவிடும் என்று அவர் நினைத்தார். சின்னச் சொற்களில்தான் ஜனங்களின் ஆயிரம் வருஷத்து அனுபவம் திணித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கூடப் பிறந்தவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் உருப்போடுகிறோம்.

நமக்கு உருப்போடக் கற்றுக்கொடுத்த புத்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரென்–மார்ட்டின் இலக்கணத்தை மறந்தவர்கள் நம்மில் குறைவு. அந்த ரென், பம்பாய் மாகாணத்தில் கல்வி இலாகாவில் வேலை பார்த்தவர். 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்ற வீரசாகஸ நாவலை எழுதிப் பேர் வாங்கியவரும் அவரே. பாலைவனக் கோட்டையில் செத்த வீரர்களை மதில்மேல் நிறுத்திவைத்துக் கதை சொன்ன அதே கைதான், நம்மைச் 'சொந்த வாக்கியத்தில் அமை' என்று பாடாய்ப் படுத்தியிருக்கிறது. நாவலாசிரியர்களிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மாமா வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. நான் பயந்தபடியே பையன் முன்னதாக ஓடிப்போய்ச் சொல்லிவிட்டிருந்தான். இரவு சாப்பாட்டின்போது மாமா, "என்னடா, என்னைப் பற்றி இங்கிலீஷில் ஏதோ எழுதினாயாமே?" என்றார். சோறு தொண்டையில் அடைத்துக்கொண்டது. அழுகையை அடக்கிக்கொண்டு, 'புட் அப்' என்றால் தங்குவது, 'வித்' சேர்ந்தால் பொறுத்துக்கொள்வது, இரண்டும் எனக்குக் குழம்பிவிட்டது என்று சொன்னேன். மாமா ஒன்றும் பேசாமல் மோரை ஊற்றிக்கொண்டார்.

முன் நாளில் சத்திரத்துக்கு வந்த பிரயாணியின் குதிரையை லாயத்தில் கட்டி வைப்பதையும் 'புட் அப்' என்றுதான் சொன்னார்கள். மனிதர் தங்குவதற்கும் அதே சொல் வழங்கிற்று. உறையில் போன வாளும் லாயத்தில் போன குதிரையும் ஒரே சொல்லின் இரு கிளைகள் என்பது அன்று எனக்கும் தெரியாது, உபாத்தியாயருக்கும் தெரிந்திருக்காது. எழுத்து வாசனையே இல்லாத என் அத்தைக்கு எப்படியோ தெரிந்திருந்தது. என் இலையில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

"ஒரு வீட்டிலே தங்குறதுன்னா ஒருத்தரை ஒருத்தர் பொறுத்துக்கிறதுதானே? இதுக்கு எதுக்கு வெள்ளைக்காரன் ரெண்டு வார்த்தை வச்சிருக்கான்?"